லயத்துக்கும் தாளத்துக்கும் என்ன உறவு?

கேள்வி: தோட்டத்து வீட்டை 'லயம்' என்கிறோமே, அதற்கும் இசையில் வரும் லயத்துக்கும் சம்பந்தம் உண்டா? (ஹட்டன் வாசகர்)

பதில்: பக்கத்துக் காம்பராவில் குழந்தை அழுவதும், அடுத்ததில் குக்கர் விசிலடிப்பதும் ஒரே சுவர் வழியாகக் கேட்கும்போது தாளம் இருக்கிறது என்றே சொல்லலாம். சொல்லில் மட்டும் சம்பந்தமில்லை.

தோட்டத்து லயம் ஆங்கிலத்து 'லைன்', அதாவது வடிவியலின் கோடு. சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்பை 'லைன்' என்று அழைத்த வெள்ளையர்கள், கோப்பிக் காலத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். காலையில் பேர் கொடுக்கும் 'பெரட்டு'கூடப் பட்டாளத்துப் 'பரேட்'தான்.

'லைன்' லத்தீனின் 'லினியா'விலிருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல் என்று பொருள். லினன் துணியும் அதே குடும்பம். நம் கொத்தனார் இன்றும் நூல் பிடித்துத்தானே சுவர் எழுப்புகிறார்! தமிழ்க் 'கோடு' நேர்மாறு: அது கோட்டையும் குறிக்கும், வளைதலையும் குறிக்கும், மலையுச்சியையும் குறிக்கும். நுவரெலியாவின் வளைந்த சரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

காம்பரா போர்த்துக்கீசர் தந்தது. முன்திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தர் தந்தது. ஆக, மூன்று ஐரோப்பிய மொழிகள் சேர்ந்தும் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று.

கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்றார் யூக்ளிட். லயத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.