ப்ளக் பார்க்கும் வைத்தியர்கள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ஒரு பைக் நின்றுவிட்டால் போதும், ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவரிடமும் கராஜ் கிடையாது. எல்லோரிடமும் ஸ்பேனர் உண்டு. "அண்ணே, மொதல்ல ப்ளக்க கழட்டுங்க." கழற்றினால் கரி. "அப்ப எஞ்சின் போயிருச்சு" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

எஞ்சின் எங்கும் போகவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று அங்கே மெல்லியது. பாவம், காபரேட்டருக்கு அது தெரியாது. கொழும்பில் கொடுத்த கணக்கிலேயே பெற்றோலை ஊற்றும். எரியாத மிச்சம் ப்ளக்கில் கரியாகப் படியும். சற்றுச் சிறிய ஜெட் போட்டால் தீரும் விஷயம். ஆனால் சுலபமாகத் தீர்வதில் வைத்தியருக்கு என்ன மரியாதை? எஞ்சினைப் பிரிப்பார்கள். மறுபடி பூட்டும்போது இரண்டு போல்ட் மிஞ்சும். "அது கம்பெனிக்காரன் சும்மா போட்டது மச்சான்."

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் லயத்து வாசலில் நின்ற கிழட்டு பைக்குகளுக்கெல்லாம் குடும்பச் சொத்தின் அந்தஸ்து. 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் நாலு லீற்றர் பெற்றோல் என்றானதும், சிக்கன இரகசியம் தெரியாத ஆளே தோட்டத்தில் இல்லை. அதில் தலைசிறந்தது, நானுஓயாவில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலவாக்கலை வரை பிரேக்கிலேயே இறங்குவது. மிச்சமான பெற்றோலின் கணக்கை ஊரெல்லாம் சொன்னார்கள். புது பிரேக் ஷூவின் விலையை வீட்டில்கூடச் சொல்லவில்லை.