கொலைகாரன் பெயரைச் சொல்லாதீர்கள்

எங்கள் கிளை நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கிறது. அதன் நாற்பதாம் பக்கத்தில், தோட்டக்காரன் முதன்முதலாகத் தலைகாட்டும் இடத்தில், யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் அம்புக்குறி போட்டு ‘இவன்தான்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், ‘நீ விளங்க மாட்டே’. அதற்கும் கீழே ஊதா மையில், ‘இருவர் கருத்தும் தவறு. 112-ஆம் பக்கம் பார்க்கவும்.’ 112-ஐப் புரட்டினால் அதே ஊதா மை: ‘ஏமாந்தீரா? நானே இன்னும் முடிக்கவில்லை.’

நான் 1994-இல் வேலைக்குச் சேர்ந்தபோதே இந்த நாவல் அலமாரியில் இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் தொலைபேசியே மொத்தம் பதினைந்து வீட்டில் இருந்தால் அதிகம். முகம் தெரியாத மூன்று பேர் ஒரே இடத்தில் கூடி, ஒருவரையொருவர் திட்டி, பொய்த் தகவல் பரப்பிவிட்டுக் கலைந்துபோகும் இந்த ஏற்பாட்டுக்குப் பிற்காலத்தில் ‘சமூக ஊடகம்’ என்று பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழிரப்பருக்கு அவ்வளவு செலவு செய்திருக்க மாட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் அந்தப் பெயரைக் கேட்டேன், கூடவே இன்னொன்றையும். 2005-இல் மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் தன் வலைப்பூவில் ‘நூலகம் 2.0’ என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டாராம். வாசகர் புத்தகம் வாங்கிப்போகிற ஆளாக மட்டும் இல்லாமல், நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் பங்கெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பயிற்சி கொடுத்தவர் உற்சாகமாக, “உங்க நூலகம் இப்ப எந்த நிலையில இருக்கு?” என்று கேட்டார். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். மூன்று டியூப்லைட், அதில் ஒன்று யோசித்து எரியும். “0.7 சார்” என்றேன். பங்கேற்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் முன்னோடிகள். மழைக் காலத்தில் ஒழுகும் இடத்துக்கு நேரே வாளியை நகர்த்தி வைப்பது எங்கள் வாசகர்கள்தான்.

ஊருக்குத் திரும்பி ஒரு வலைப்பூ தொடங்கினேன். தமிழில் வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. எழுதியதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டத் ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள் இருந்தன. ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டி, புதிதாக வந்த நாற்பது புத்தகங்களின் பட்டியலை ஏற்றினேன். மறுநாள் பார்வையாளர் கணக்கு பதினொன்று. அதில் ஒன்பது, யாராவது வந்தார்களா என்று பார்க்கப் போன நான். மீதி இரண்டு பேரில் ஒருவர் பின்னூட்டமே போட்டிருந்தார்: ‘மீ த ஃபர்ஸ்ட்டு’. அந்த நாளில் அது வலைப்பூ உலகின் வணக்கம் என்று தெரியாமல், என்ன நோய்க்கான மருந்து என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பின்னூட்டம் தோஹாவிலிருந்து. எங்கள் ஊர்ப் பையன். ‘பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்த புரோட்டா கடை இன்னும் இருக்கா சார்?’ இருக்கிறது என்று பதில் போட்டேன். அவ்வளவுதான். சிங்கப்பூர், ஷார்ஜா, திருப்பூர் என்று திசைக்கொருவர் வந்து சேர்ந்தார்கள். சால்னாவில் அந்தக் காலத்தில் பட்டை தூக்கலாக இருந்ததா, கிராம்பு தூக்கலாக இருந்ததா என்று நாலு நாள் நடந்தது விவாதம். புத்தகப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நூலகத்தின் பெயரால் நான் நடத்திய முதல் வெற்றிகரமான கருத்தரங்கம் புரோட்டாவைப் பற்றியது என்பதைப் பணிப் பதிவேட்டில் ஏற்ற முடியவில்லை.

ஆனால் அந்தக் கும்மியின் கடைசியில் தோஹாக்காரர் தனியாக ஒரு வரி எழுதினார். ஆறாம் வகுப்பில் எடுத்த ஒரு ரஷ்யக் கதைப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்றும், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றும், வந்தால் திட்டுவீர்களா என்றும் கேட்டிருந்தார். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள் அந்தக் காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்தன. வழவழ தாள், கெட்டி அட்டை, ஐஸ்கிரீம் விலை. அடுத்த மாதம் அவருடைய அம்மா அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். அச்சிட்ட நாடே 1991-இல் இல்லாமல் போய்விட்டது. புத்தகம் மட்டும் 2008-இல் திரும்பி வந்தது. தாமதக் கட்டணத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா கால்மணி நேரம் உட்கார்ந்து மகனைப் பற்றிப் பேசினார். அதுவே வசூலாகிவிட்டது.

அடுத்து முகநூல். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய நூல்களின் படம் போட்டால் மூன்று லைக். அதில் ஒன்று என் மனைவி. நாளிதழ் மேசையில் தலையங்கத்தின் மேல் படுத்துத் தூங்கும் பூனையின் படம் போட்டேன், இருநூற்றுப் பன்னிரண்டு. பூனையைப் பார்க்கவே ஏழெட்டுப் பேர் நேரில் வந்தார்கள். வந்ததில் ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்தார். ஆகவே பூனைக்கும் ஒரு சேர்க்கை எண் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் அது வெளியூர் போயிருந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

பிறகு வந்தது வாட்ஸ்அப். ‘வாசகர் வட்டம்’ என்று குழு தொடங்கினேன். நூற்று நாற்பத்தெட்டுப் பேர். முதல் நாள் காலை 4:45-க்கு ரோஜாப்பூ. 4:46-க்கு ஆவி பறக்கும் காபி. 4:50-க்கு முருகன். ஐந்து மணிக்குள் முப்பத்திரண்டு காலை வணக்கம். நூலகம் திறப்பதோ எட்டு மணிக்கு.

நூலகர் புத்தி சும்மா இருக்குமா? இதையும் வகைப்படுத்திப் பார்த்தேன். எங்கள் காவிரிப் பக்கத்துக்காரர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்து, ஆள் வராத இடத்தில் உட்கார்ந்து அலுத்துப்போய்ச் சில நாளிலேயே பழைய வேலைக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், கிரேன் என்று செய்ய முடிவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. எந்த விஷயத்தையும் கூறு கூறாகப் பிரித்துப் பூட்டிவிடலாம் என்ற கோலன் பகுப்பு முறை அப்படித்தான் பிறந்தது. 1933-இல் நூலாக வந்தது. பின்னாளில் அந்தக் கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாக வகுத்தார். அந்த முறைப்படி எங்கள் குழு: ஆளுமை — ஓய்வு பெற்றவர்கள். பொருள் — ரோஜா. ஆற்றல் — அளவில்லை. இடம் — என் போனில் இல்லவே இல்லை. காலம் — விடிவதற்கு முன்.

ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. அதைக் குழுவில் நினைவூட்டினேன். ‘அருமையான தகவல்’ என்று பாராட்டி நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் கலாம் சொன்னதாக ஒரு பொன்மொழி அனுப்பினார். தொழில் பழக்கத்தில், “எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் சார்?” என்று கேட்டுவிட்டேன். குழுவை விட்டு விலகிவிட்டார். நேரில் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதே பொன்மொழி விவேகானந்தர் பெயரில் மறுவாரம் வேறு பக்கமாக வந்து சேர்ந்தது.

இத்தனை சத்தத்துக்கும் நடுவில் சில பேர் பேசவே மாட்டார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் இரவு பதினொன்றுக்குத் தனியாக அனுப்புவார்கள்: ‘சார், ஆறாம் வகுப்பு பழைய சமூக அறிவியல் இருக்கா?’ இருக்கு என்று நாலு எழுத்து அனுப்பினால், காலையில் நான் பூட்டைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருப்பார்கள். இல்லை என்றால் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிச்சம். ரங்கநாதனின் நாலாவது விதிக்கு நான் கண்கூடாகக் கண்ட ஒரே பலன் இதுதான்.

எங்கள் வட்டாரத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. ஐந்து விதிகள் அச்சில் வந்த அதே 1931-இல்தான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரவில்லை என்றால் நாம் போவோம் என்ற யோசனைக்கு அன்றைய கருவி மாடு. நடுவழியில் அப்டேட் கேட்காது. வைக்கோல் கேட்கும். அதுவும் நியாயமான வேளையில்.

சரி, துப்பறியும் நாவலுக்கு வருகிறேன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எங்கள் உறுப்பினர். ஒருநாள் மத்தியானம் அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றார். முகத்தில் அனல்.

“என்ன சார் இது? கடைசி ஃபாரமே காணும். பதினாறு பக்கம்! கொலைகாரன் யாருன்னு தெரியாம நாலு நாளா தைக்கிறேன். ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டும் இடது கையாப் போச்சு.”

“நாற்பதாம் பக்கத்துல எழுதியிருக்குமே அக்கா…”

“எழுதியிருக்கு. ஒருத்தர் ஆமாங்கறாரு, ஒருத்தர் திட்டுறாரு, இன்னொருத்தர் நூத்திப் பன்னெண்டுக்கு அனுப்பி நம்மள முட்டாளாக்குறாரு. யாரை நம்புறது? நீங்க படிச்சிருப்பீங்கல்ல, சொல்லுங்க.”

நூலகர் எல்லாப் புத்தகத்தையும் படித்திருப்பார் என்பது ஊரின் நம்பிக்கை. அல்வாக் கடைக்காரரைப் பார்த்து அப்படி யாரும் நினைப்பதில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு போனை எடுத்தேன். அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, ‘கடைசிப் பதினாறு பக்கம் யாரிடமாவது இருந்தால் தந்து உதவவும். கொலைகாரன் பெயரைச் சொல்லாதீர்கள்’ என்று எழுதினேன்.

மூன்று நிமிஷத்தில் ஆறு பேர் பெயரைச் சொன்னார்கள். நாலு வெவ்வேறு பெயர்கள். அதில் ஒன்று கொலை செய்யப்பட்டவருடையது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். குழுவில் அவர் இல்லை, பேரன் இருக்கிறான். கேரியரில், வார இதழில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய பழைய தொகுப்பு. நடுநடுவே பல்பொடி விளம்பரம்.

“போன்ல அனுப்புறதுக்குத் தெரியாது தம்பி. அட்ரஸ் தெரியும்” என்றார்.

“உட்காருங்க ஐயா, தண்ணி குடிங்க” என்றேன். “யாருக்கு வேணும்?” என்று கேட்டார். சொன்னதும், “அந்தத் தையக்கடைப் பொண்ணா? அதோட கல்யாணப் பத்திரிகையெல்லாம் நாந்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்” என்றார். பக்கங்களை நகல் எடுத்து, எதிர்க்கடைப் பசை வாங்கி நாவலின் முதுகில் ஒட்டினேன். பெரியவர் கூடவே நின்று பக்க எண் சரிபார்த்தார்.

ஒரு வாரத்தில் புத்தகம் திரும்பி வந்தது. நாற்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூன்று கருத்துகளில் ஒன்றுக்கு நேரே, துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்குக்கட்டியால் ஒரு ‘சரி’ போட்டிருந்தது. எதற்கு நேரே என்று நான் சொல்லப்போவதில்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று முப்பது வருஷமாக உறுப்பினர்களிடம் சொல்லிவருகிறேன். அன்றைக்கு அழிரப்பரைத் தேடி இழுப்பறையைத் திறந்தவன், பென்சிலை எடுத்தேன். சுற்றும்முற்றும் பார்த்தேன். பூனை மட்டும் இருந்தது. ஊதா மைக்குக் கீழே, நாலாவது விதிக்குக் கட்டுப்பட்டு, சின்னதாக எழுதினேன்:

‘112-க்குப் போக வேண்டாம்.’