மூணு சென்ட்டுல ஒரு மைசூர் அரமனை

வாய்யா மருமவனே, உக்காரு. மொகம் என்ன காஞ்ச கருவாடு கணக்கா இருக்கு? மேல்வீட்டு வாத்தியார் திங்கக்கெழம கொக்கிரகுளத்துக்குப் போயி கலெக்டர்கிட்ட மனு குடுத்துட்டாராக்கும். ஆபீஸ்லேந்து ரெண்டு பேரு வந்து ஒன் வீட்டைச் சுத்தி டேப்பு போடப் பாத்தாவளாக்கும். சுத்தத்தான் வழியில்லையே, எங்கிட்டுப் போயி டேப்பு போடுவாவ, பாவம்! 'ஊரே இப்படித்தான் கட்டுது, என்னைய மட்டும் ஏன் மாமா புடிக்காவ'ன்னு கேக்கதுக்குத்தான் பாளையங்கோட்டையிலேந்து இந்த வெயில்ல பைக்க முடுக்கிட்டு வந்திருக்கே.

எய்யா, நான் எப்பவும் ஒன் பக்கம்தான். தங்கச்சி மவன விட்டுக் குடுப்பேனா? மொதல்ல இந்த மோரைக் குடி. பொறவு கணக்கு பாப்போம்.

ஒன் மனை மூணு சென்ட்டு. சென்ட்டு 435.6 சதுரடி. ஆக 1,307 சதுரடி. இதுல எல்லாத் தளத்தையும் கூட்டுனா எவ்வளவு வரலாம்ங்கறதுதான் எஃப்எஸ்ஐ. 2019-ல வந்த கட்டட விதியில சாதாரண உயரத்து வீட்டுக்கு அது ரெண்டு. அதாவது மனையைப் போல ரெண்டு மடங்கு, 2,614 சதுரடி. அதுக்கு முன்னாடி ஒன்றரைதான். சர்க்காரே மனசு எளகி கூட்டிக் குடுத்தது அது. நீ எவ்வளவு எளக்குனே? கீழ 1,050. முதல் மாடி 1,250. ரெண்டாம் மாடியும் 1,250. மொத்தம் 3,550. கீழ சிறுத்து மேல பெருத்து, வீடு காவடி எடுத்து ஆடுதாப்புல நிக்கு. மாடி போக மிச்சம் ஆகாசம் 57 சதுரடி. பரவால்ல, காக்கா ஒண்ணு சிறகைச் சுருக்கிக்கிட்டா தாராளமாப் போயி வரலாம்.

சுயசான்றுல பிளான் வாங்குனேன்னு பெருமையா சொன்னேல்லா? 2024-ல வந்த திட்டம், நல்ல திட்டம்தான். 2,500 சதுரடி வரைக்கும் மனை, 3,500 சதுரடி வரைக்கும் வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். ஆபீஸ்க்கு நடக்க வேண்டாம், கம்ப்யூட்டர்ல போட்டு, துட்டு கட்டுனா அனுமதி கையில. 'விதிப்படிதான் கட்டுவேன்'னு நீயே எழுதி நீயே கையெழுத்துப் போடணும். பொண்ணப் பெத்தவனே தரகனா வந்து பொண்ணு தங்கம்னு சொல்லுதாப்புல. சர்க்கார் நம்புச்சு. நீ எழுதிக் குடுத்ததுல மாடி ஒண்ணு, கொத்தனார் கையில மாடி ரெண்டு. அதுலயும் 3,500-க்கு மேல ஒரு அம்பது சதுரடி துருத்திக்கிட்டு நிக்கு. ஒரு கக்கூஸ் அளவு. கக்கூஸ்க்காக கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போன மொத ஆளு நீதான்.

என்ன, என்ன சொன்னே? 'டவுன்ல நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி வீடெல்லாம் சுவத்தோட சுவர் ஒட்டித்தான் இருக்கு, அது மட்டும் ஆகுமா'ன்னா? சபாஷ், படிச்ச புள்ள! ஒட்டித்தான் இருக்கு. அந்தமாதிரித் தெருவுக்கு தொடர் கட்டடப் பகுதின்னு விதியிலயும் எடம் உண்டு. ஆனா நீ அந்த வீட்டுக்குள்ள போயிருக்கியா? ரேழியத் தாண்டுனா நடுவுல என்ன இருக்கும்? முத்தம் இருக்கும். ஏலே, என்ன சிரிப்பு? நான் சொல்லுதது வானம் பாத்த முத்தம். மழை அதுல விழும், வெயில் அதுல எறங்கும், அடுப்புப் புகை அது வழியாப் போவும். பொம்பளைங்க நெல்லு காயப்போட்டதும் அங்கனதான். பக்கத்துல காத்துக்கு வழியில்ல, அதனால வயித்துக்குள்ள வச்சுக்கிட்டான் வானத்தை.

ஒங்க காலத்துல 'எடம் வேஸ்டு'ன்னு அந்த முத்தத்தை மூடிட்டிய. சரி, வெளிச்சம் எங்கேந்து வரும்? வெளியத்தான் விடணும். செட்பேக்குங்கறது வேற ஒண்ணுமில்லடே, வெளிய தூக்கி வச்ச முத்தம். வீடு ஒசந்தா அது கூடணும், வெளிச்சம் அடி வரைக்கும் எறங்கணும்லா? நீ உள் முத்தத்தையும் மூடுனே, வெளி முத்தத்தையும் முழுங்குனே. இப்போ பட்டப்பகல்ல ஹால்ல லைட்டு போட்டுக்கிட்டு 'கரண்டு பில்லு ஏறுது மாமா'ன்னு என்கிட்ட அழுவுதே.

ஓலைவீட்டுக் காலத்துல எழுத்தும் கெடையாது, ஆபீசும் கெடையாது. ஒரே பேச்சுதான்: ஒன் எறவாணத் தண்ணி ஒன் மண்ணுலதான் சொட்டணும். அம்புட்டுதான். அதுக்காவ ஒரு முழம், ரெண்டு முழம் தள்ளிச் சுவர் வப்பான். அந்தச் சொட்டுத்தண்ணிதான் இப்போ மீட்டர் கணக்குல அச்சாகி வந்திருக்கு. நீ என்னமோ லண்டன்லேந்து எறக்குமதி பண்ணுன சட்டம் மாதிரி கண்ணைக் கசக்குதே.

வெள்ளக்காரன் எழுதுனதும் ஒண்ணு உண்டு, மறக்காம கேட்டுக்க. 1882-ல வந்த வசதியுரிமைச் சட்டம். ஒரு கட்டடத்துக்குள்ள வெளிச்சமும் காத்தும் தடையில்லாம, உரிமையா, இருவது வருசம் வந்துட்டா அது அந்த வீட்டுக்காரன் பாத்தியதை ஆயிரும். வாத்தியார் வீடு எப்போ கட்டுனது? 1998-ஆ? அவரு கெழக்கு சன்னல்ல ஒக்காந்து இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல பேப்பர் படிச்சிருக்காரு. இப்போ அந்தச் சன்னலைத் தொறந்தா ஒன் பாத்ரூம் வெண்டிலேட்டர். தலையங்கம் படிக்க நேரத்துல நீ பாடுத பாட்டு! மனுசன் மனு எழுதாம மங்களமா பாடுவாரு?

நான் ஒனக்கு வழி சொல்லுதேன். வரன்முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல போயிரு. அபராதம் கட்டுனா தப்பு சரியாயிரும். ஆனா 1999 பிப்ரவரி 28-க்கு முன்னாடி கட்டியிருக்கணும். அது முடிஞ்சு போச்சா? இருக்கட்டும், 2012-ல இன்னொண்ணு கொண்டாந்தாவ. 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டுனதுக்கு. ஒன் மாடிக்கு கான்கிரீட் போட்டது போன வருசம்லா? அப்போ மாடிக்கு ஒரு பொய் பிறப்புச் சான்றிதழ் வாங்குனாத்தான் உண்டு. 2007-ல நீ எட்டாங்கிளாஸ்ல கணக்குல கோட்டை விட்டுக்கிட்டிருந்தே. அந்த வயசுல ரெண்டு மாடி கட்டுனேன்னு சொன்னா ஆபீஸ்ல ஒன்னையப் பாராட்டித்தான் அனுப்புவாவ.

'இம்புட்டுத் துட்டு போட்டாச்சு, இனி இடிக்கச் சொல்ல முடியாது'ன்னு ஒன் இன்ஜினியர் சொன்னானா? அவனுக்கு பீஸ் குடுத்துட்டியா? அடடா, குடுத்துட்டே. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, உத்தரப்பிரதேசத்து மீரட் கேசுல, சொல்லிருச்சுடே. அதிகாரி தூங்குனதும், காலம் ஓடுனதும், நீ துட்டு கொட்டுனதும் விதிமீறலுக்குக் கேடயம் ஆவாதாம். அந்த மூணும்தான் ஒன்கிட்ட இருந்த கேடயம். மூணையும் கழட்டி வச்சுட்டு நிக்கே.

பெரிய ஆளுவளையெல்லாம் விட்டுட்டு ஒன்னைய மட்டும் புடிக்காவங்கற பாரு, அதுல நியாயம் இருக்கு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். 2014 ஜூன் 28-ல மௌலிவாக்கத்துல பதினோரு மாடி சரிஞ்சு 61 பேரு செத்தாவ. அதுக்கு ஆபீஸ் முத்திரை குத்துன பிளான் இருந்துச்சு. முத்திரை சுவத்தைத் தாங்காது. 2017 மே 31-ல தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்புடிச்சு, மறுநா வரைக்கும் எரிஞ்சு, ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு. பெரியவன் தப்பு பண்ணுதான், தப்பிக்கான். ஆனா நெருப்புக்கு ஏலே, பெரியவன் சின்னவன் தெரியாது. ஒன் வீட்டுல சிலிண்டர் புடிச்சா ஒனக்கும் வாத்தியாருக்கும் நடுவுல தண்ணிக் கொழாயப் புடிச்சுக்கிட்டு ஒரு ஆளு எப்படி நொழைவான்? சீப்பு நொழைய எடம் இருந்தாச் சொல்லு.

சரி சரி, மொறைக்காத. நான் மட்டும் என்ன அரிச்சந்திரனா? இந்தா, வடக்குச் சுவத்தைப் பாரு. சன்னலுக்கு மேல ஒடைச்ச தழும்பு தெரியுதா? 1978-ல வீடு காரையாக்குனப்போ ஒரு சன்ஷேடு போட்டேன். ஒரு அடி. அது முழுக்க வடக்கு வீட்டு ஆச்சி மண்ணு மேல நின்னுச்சு. வேணும்னேதான் போட்டேன். ஆச்சி சண்டை போடுவா, பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம்னு நாக்கைத் தீட்டிக்கிட்டு இருந்தேன்.

ஆச்சி ஒரு வார்த்தை பேசல. மறுவாரம் சன்ஷேடு மேல கூழ்வத்தல் காஞ்சுது. 'என்ன ஆச்சி, என் சன்ஷேடுல?'ன்னேன். 'என் எடத்துக்கு மேல வந்தது என் சாமான்தானய்யா'ன்னா. பொறவு கீழ ஒரு பீர்க்கங்கொடி நட்டா. அது சன்ஷேட்டைப் புடிச்சு ஏறி, சன்னல் கம்பி வழியா உள்ள வந்து, ஒரு நா காலையில நான் கண்ணு முழிக்கேன், மூக்குக்கு நேரா ஒரு பீர்க்கங்கா தொங்குது. சன்னலைச் சாத்தலாம்னா கொடி நசுங்கும். நசுங்குனா ஆச்சி கேப்பா. பறிச்சா களவு. ஒரு மாசம் அந்தக் காய்க்குக் காவல் காத்துக்கிட்டுப் படுத்தேன். அவ தெருவுல போற எல்லாருகிட்டயும், 'அய்யா வீட்டுக்குள்ள என் காயி பத்திரமா இருக்கு'ன்னு சொன்னா. கடைசியா நானே கொத்தனாரைக் கூட்டியாந்து ஒடைச்சேன். போட்ட கூலியை விட ஒடைச்ச கூலி சாஸ்தி. ஆச்சி முழுக்காயையும் பறிச்சு ஒங்க அத்தைகிட்ட குடுத்தா. கூட்டு வச்சா. எனக்குத் தொண்டையில எறங்கல.

வாத்தியார் ஆச்சி இல்ல, கொடி நட மாட்டாரு. மனுதான் நடுவாரு. அது வருசம் பூராவும் காய்க்கும்.

அதனால ஒனக்கு நான் சொல்லுத புத்தி இதுதான்: ஒண்ணையும் இடிக்காத! மிச்சம் 57 சதுரடி இருக்கு பாரு, அதையும் மூடிரு. ரோசத்தை விடாத. ஆனா ஒரே ஒரு கேள்வி. செப்டிக் டேங்க்கு எங்கன இருக்கு? பின்னால மூலையிலயா? சரி. பக்கத்துச் சந்தை மூடியாச்சு. அப்போ அது நெறஞ்சா, லாரிக்காரன் கொழாயை எந்த வழியா கொண்டு போவான்?

ஆங்! முன் வாசல் வழியா, ஹால் வழியா, சாமி அறையை ஒட்டி, அடுப்படி வழியா. ஒன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வாரவுக சோபாவுல ஒக்காந்து கேசரி தின்னுக்கிட்டிருப்பாவ. காலுக்கு நடுவுல மலைப்பாம்பு கணக்கா கொழாய் குலுங்கிக்கிட்டுப் போவும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேப்பான், 'இது என்னங்க?' நீ சொல்லுவே, 'மொத்தம் 3,550 சதுரடிங்க.'

வேற வழி இருக்கு, இல்லன்னு இல்ல. வாத்தியார் காம்பவுண்டுக்குள்ள ஆறடி கெடக்கு, அவரு விதிப்படி விட்டது. அந்த வழியா கொழாயைப் போட்டா ஒன் டேங்க்குக்கு நேராப் போயிரும். அதுக்கு அவரு கேட்டைத் தொறக்கணும். அவரு தொறக்கணும்னா நீ அந்த சன்னலைத் தொறக்கணும்.

எந்திரி, பைக்க எடு. ஆபீஸ்க்குப் போவாத, நேரா மேல்வீட்டுக்குப் போ. வெறுங்கையோட போவாத, அத்தை கொல்லையில பறிச்சு வச்சிருக்கா. ரெண்டு பீர்க்கங்கா எடுத்துட்டுப் போ.