மாடிவீட்டு இதய நிபுணர்

எங்கள் மாடிவீட்டில் ஓர் இதய நிபுணர் குடியிருக்கிறார். வயது 19. எம்.பி.பி.எஸ். சீட் மட்டும்தான் பாக்கி. நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று, இது மூன்றாவது. இந்த ரகம் உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சீட்டு கிடைக்கும் முன்பே அது கிறுக்கலாகியிருக்கும்.

சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் பார்க்க மொட்டைமாடிக்குப் போனால் பிடித்துக்கொள்வார்.

"ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ், அங்கிள். பின்னாடி நாலு ஜூனியர். பதினோரு மணிக்கு ஒரு பைபாஸ். ஒரு மணிக்கு வீட்ல சாப்பாடு. நாலு மணிக்கு ஷட்டில். ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் கிளினிக். உங்ககிட்ட ஃபீஸ் வாங்க மாட்டேன். பைபாஸும் ஃப்ரீ."

எனக்கு இதயத்தில் ஒன்றும் கோளாறில்லையே என்றேன். "வரும் அங்கிள்" என்று தைரியம் சொன்னார்.

அந்த டைம்டேபிளில் ஒரு நோயாளிக்குக்கூட வாந்தி வருவதில்லை, யாரும் இருமுவதில்லை. கும்பிட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள்.

பொங்கலுக்கு அவருடைய பெரியப்பா மகள் வந்திருந்தாள். அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். நைட் டூட்டி முடித்து நேரே வந்தவளுக்கு சோபாவில் உட்கார்ந்ததும் கண் செருகியது. தம்பி விடவில்லை. பைபாஸை ஆரம்பித்தார்.

"பைபாஸ் பண்றது கார்டியாலஜிஸ்ட் இல்லடா, ஹார்ட் சர்ஜன். அது வேற படிப்பு."

"ரெண்டையும் படிச்சுடுவேன்க்கா."

"முதல்ல ரத்தம் எடுக்கப் படி" என்று தன் விடியற்காலையைச் சொன்னாள். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ண, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, நீல மூடி ரத்தம் உறையும் நேரம் பார்க்க. நீலத்தில் கோடு வரைக்கும் ரத்தம் ஏறவில்லையென்றால் லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி அதே பாட்டி, அதே கை. பாட்டி வாயில் வந்தபடி வைதுவிட்டு, எல்லாம் முடிந்ததும் கேட்பாளாம்: "டாக்டர் எப்ப வருவாரு, நர்ஸம்மா?"

நம்மவர் அசரவில்லை. ஆன்லைனில் வாங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்து என் நெஞ்சில் வைத்தார். புருவம் நெரிந்தது. இடத்தை மாற்றி வைத்தார், இன்னும் நெரிந்தது.

"ஒண்ணுமே கேக்கல அங்கிள்."

எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே எட்டி, அவர் காதிலிருந்து அதை உருவித் திருப்பி மாட்டினாள். காதில் போகிற முனைகள் முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டுமாம்.

"கேக்குது அங்கிள், கேக்குது!" என்று குதித்தார்.

இறங்கி வரும்போது படியிலேயே கணக்குப் போட்டேன். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம், மேற்படிப்பு மூன்று, அதற்கும் மேலே இதயத்துக்கென்று மூன்று. ஆக, பதினொன்றரை. எனக்கு இப்போது 58. போன மாதிரித் தேர்வில் அவருக்கு இயற்பியலில் 180-க்கு 60. தப்புக்கு ஒரு மார்க் கழிப்பார்கள் என்று தெரிந்தும் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. சர்ஜனுக்கு வேண்டிய தைரியம் இப்போதே இருக்கிறது.

நல்ல இயற்பியல் வாத்தியார் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ஃபீஸில் பாதியை நானே கட்டுகிறேன்.