மஞ்சள் அட்டையின் பத்து வருஷம்

மணப்பாட்டில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. போன வருஷம் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அக்கா மகள் அடுத்த வாரம் மறைபணிக்காகத் தான்சானியாவுக்குப் போகிறாள். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண்ணில் எடை காட்டும் குட்டித் தராசால் அவள் பெட்டியை நிறுக்கும்போது, 1986-ல் நான் மறைபணிக்குக் கிளம்பியபோது இதே திண்ணையிலிருந்து என் தகரப்பெட்டியைக் கருவாட்டுக் கடைத் தராசுக்குத் தூக்கிப் போனதும், இருபது கிலோவைத் தாண்டியதால் அம்மா வைத்த கருப்பட்டியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்ததும், எடுத்ததையெல்லாம் இருட்டியபின் அவள் மறுபடி உள்ளே செருகியதும் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் ஊரில் யார் தூரதேசம் கிளம்பினாலும் சவேரியார் பேச்சு வராமல் இராது. ரோமில், இந்தியாவுக்கு வர வேண்டிய தோழர் காய்ச்சலில் விழுந்ததால் மறுநாளே புறப்பட்டவர். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி 1542 மே மாதம் கோவாவில் இறங்கப் பதின்மூன்று மாதம் ஆயிற்று அவருக்கு. அவர் தங்கியதாகச் சொல்லும் குகையில் இருபத்தேழு வயதில் நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பம்பாயிலிருந்து சில மணி நேர விமானப் பயணத்தையும் அப்படியொரு கடல்வழியாகவே மனது எண்ணிக்கொண்டது. போனால் போனதுதான் என்று அன்று எல்லாரும் நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு ஒரு கனம் இருந்தது.

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என்னய்யா?” என்றாள். பத்து வருஷத்துக்குச் செல்லும் என்றேன். “பத்து வருஷத்துல வந்துருவல்ல?” என்றாள். ஊசிக்குத்தான் அந்தக் கெடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவில் விடுமுறைக்கு வந்து போனதையெல்லாம் அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1996-ல் மறுபடி ஊசி போட்டுக்கொண்டதை எழுதினேன். பதில் கடிதத்தில் மழை, மீன்பாடு, கோயில் கொடியேற்றம் எல்லாம் இருந்தன, அதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

அந்த நீல ஏரோகிராம்களை இன்றும் வைத்திருக்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். இடம் தீர்ந்ததும் மடிப்போரத்தில், பசை தடவும் விளிம்பில், எறும்பு ஊர்வதுபோல் எழுத்து சுற்றிக்கொண்டு போகும். நான் கேட்ட கேள்வி எனக்கே மறந்தபிறகு அதற்குப் பதில் வரும் சுகம் இனி யாருக்கும் இல்லை. ஆனால் அப்பா இறந்த தந்தி என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதை நினைத்தால் பிள்ளையின் கையிலிருக்கும் செல்போனைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தப் போனிலேயே அவள் சுவாஹிலி படிக்கிறாள். சாயும் சப்பாத்தியும் அங்கேயும் அதே பேர்தான் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். காலையில் என்னைப் பார்த்ததும் “ஷிகமோ, சாமி மாமா” என்கிறாள். பெரியவர்களின் காலைப் பற்றுகிறேன் என்ற சொல்லிலிருந்து வந்த வணக்கம் அது. “மரஹபா” என்கிறேன், நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அவளுடைய மஞ்சள் அட்டையை அக்கா நேற்று எடுத்துப் பார்த்தாள். 2016-லிருந்து அந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும். “ஒரு தடவ போட்டா போதும்மா, சாகுற வரைக்கும் செல்லும்” என்றாள் பிள்ளை. அக்கா ஒன்றும் பேசவில்லை. தினமும் மகள் முகத்தைப் போனில் பார்க்கலாம். ஆனால் அம்மாவுக்கு இருந்ததுபோல விரல்விட்டு எண்ண ஒரு பத்து வருஷம் அவளுக்கு இல்லை.

இருட்டியபின் அக்கா ஒரு பொட்டலம் கருப்பட்டியைக் கொண்டுவந்து துணிகளுக்கு அடியில் செருகினாள். பிள்ளை வருமுன் பெட்டி மூடியை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.