பாதாள லோகத்து வெந்நீர் இலாகாவுக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாகனம் பொருந்திய தலைமை அதிகாரி அவர்களுக்கு,

நமீபியா தேசத்தின் தென்கோடியில், ஃபிஷ் நதி என்று பெயர் பெற்றிருந்தும் வருஷத்தின் பெரும்பகுதி குட்டை குட்டையாகவே காட்சி தருகிற ஒரு நதி, 160 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலைநிலத்தை அறுத்துப் போட்டிருக்கும் மாபெரும் பள்ளத்தாக்கின் தெற்கு வாசலில், ஐ-ஐஸ் என்னும் ஸ்தலத்திலே தாங்கள் அல்லும் பகலும் நடத்திவரும் கிளைக் காரியாலயத்தின் கரையில் உட்கார்ந்து, கொப்புளம் கண்ட குதிகாலைத் தண்ணீருக்குள் விடலாமா வேண்டாமா என்ற யோசனையோடு இதை எழுதுகிறேன்.

என்றோ பெய்த மழையைப் பாறை வெடிப்புகளின் வழியே உள்ளே வாங்கி, ஆழத்து உஷ்ணத்தில் காய்ச்சி, சுமார் 60 டிகிரிச் சூட்டில் மேலே அனுப்பிவைக்கும் தங்கள் இலாகாவில் விறகுச் செலவும் இல்லை, விடுமுறையும் இல்லை, விண்ணப்பப் பாரமும் இல்லை. 1850 வாக்கில், காணாமற்போன ஆடுகளைத் தேடி வந்த நாமா இனத்து இடையர் ஒருவர் இந்த ஊற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். (அவருக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்ட ஆடுகளைச் சரித்திரம் கௌரவிக்கவில்லை.) ஊர்ப் பெயருக்கு நாமா பாஷையில் 'சுடுகிற நீர்' என்றே அர்த்தம்; விளம்பரத்தில் இவ்வளவு யோக்கியமாக உண்மை பேசிய ஸ்நான கட்டம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

தரைக்கு மேலே நடக்கும் பரிபாலனம்தான் விசித்திரமானது. வாதநோய்க்கு இந்த நீர் கைகண்ட ஔஷதம் என்று கீர்த்தி பரவியிருப்பதால், முழங்கால் மடங்காதவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் மோட்டாரில் வந்து இறங்கிக் கழுத்தளவு நீரில் சுகமாக அமர்கிறார்கள். உமக்கு என்ன வியாதி என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. பள்ளத்தாக்கின் அடிவாரத்திலேயே சுமார் 85 கிலோமீட்டர் நடந்து வருகிறவனோ, பன்னிரண்டு வயது நிரம்பியவனாகவும், மூவருக்குக் குறையாத கோஷ்டியில் ஒருவனாகவும் இருப்பதோடு, தான் பூரண சுகதேகி என்று வைத்தியர் எழுதிக்கொடுத்த சான்றிதழையும் நீட்டியாக வேண்டும். அதாவது, வியாதியஸ்தன் தாராளமாக வரலாம். வியாதி இல்லாதவன்தான் அதை நிரூபித்துவிட்டு வரவேண்டும். நடுவழியில் விழுந்தவனை, சில இடங்களில் 550 மீட்டர் ஆழமுள்ள அந்தக் குழியிலிருந்து தூக்கி வருவது லேசான காரியமல்ல என்பதால் விதியில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நியாயமாக இருப்பதனாலேயே ஒரு விதி வேடிக்கையாக இல்லாமற் போய்விடாதல்லவா?

நடப்பதற்கு மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் மத்தி வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் சூரியனுடைய இலாகா தங்களோடு போட்டிக்கு வந்துவிடுகிறது. வெள்ளமும் சொல்லாமல் வரும். 1971-இல் இங்கே விடுதி திறந்தார்கள். அடுத்த வருஷமே நதி தணிக்கைக்கு வந்து, கணக்கில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டுப் போயிற்று. மனிதர்கள் மறுபடியும் கட்டினார்கள். தாங்களோ அந்த அமளியிலும் வெந்நீரை நிறுத்தவில்லை.

எனக்கு எதிரே, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறவைத்த நீருள்ள குளத்தில் இறங்கிய ஸ்தூல சரீரமுள்ள பெரியவர் ஒருவர், இப்போது தடியை மறந்து கரையேறி, மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, நொண்டி நொண்டி வந்து சேர்ந்த என்னைப் பரிதாபத்தோடு பார்க்கிறார்.

ஆகவே தங்களிடம் என் பிரார்த்தனை ஒன்றே: நடந்து வருகிறவர்கள் காலை நனைக்கும் இந்த ஓரத்தில் மட்டுமாவது இருபது டிகிரியைக் குறைத்தருள வேண்டும். பரிசீலனைக்காக என் வைத்தியச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் கண்டது ஐந்து நாட்களுக்கு முன்பு வரை உண்மை.

இங்ஙனம்,
தங்கள் கிருபையை நாடும்
ஒரு பாதசாரி