குடும்பக் கதையும் கொட்டகைப் பாட்டும்

கேள்வி: பழைய குடும்ப நாவல் ஒன்றை இசை நாடகமாக்கி, புரட்டாசி சனிக்கிழமையன்று எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரத்தில் அரங்கேற்ற எண்ணியிருக்கிறோம். 'வள்ளியும் கோவலனும் இருக்க நாவல் எதற்கு?' என்கிறார் எங்கள் சங்கத் தலைவர். முன்மாதிரி ஏதேனும் உண்டா? (ராஜபாளையம்)

பதில்: உண்டு, தலைவர் பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு. 1925-ஆம் ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபைக்கு ஆசிரியராக வந்த எம். கந்தசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களையும், புக்ககத்து நாத்தனார்மார் கையில் ஓர் அபலைப் பெண் படும் பாட்டைச் சொல்லும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வையும் நாடகமாக்கிப் பயிற்றுவித்தார். கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்த பாத்திரங்களையே கண்டு பழகிய ஜனங்கள், தங்கள் வீட்டுக் கூடத்தையே மேடையில் கண்டு பிரமித்தார்கள். 'மேனகா' 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில், அதே சகோதரர்கள் நடிக்க, பேசும் படமாகவும் வந்தது. நிருபமா தேவி என்ற வங்காள மாதரசியின் நாவலோ, 'குமாஸ்தாவின் பெண்' என்ற பெயரில் தமிழ் நாடகமாகி, 1941-இல் திரையையும் எட்டியது. வள்ளியும் கோவலனும் இருக்கட்டும். மேனகாவுக்கும் மலையடிவாரத்தில் இடம் உண்டு.

கேள்வி: நாவல் ஐந்நூறு பக்கம், நாடகம் மூன்று மணி நேரம். எதை வெட்டுவது? (மம்சாபுரம்)

பதில்: முதலில், ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்குச் செய்யும் உபதேசங்களை. அக்கால நாவல்களில் இதனாலேயே நூறு பக்கம் குறையும். சமையற்காரரையும் வேலைக்காரியையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள். குடும்பத்தின் ரகசியம் முழுவதும் அவர்களிடம் இருக்கிறது.

கேள்வி: நாத்தனாரும் மருமகளும் சண்டையிடும்போது பாடத் தொடங்கினால் சபையோர் சிரிக்க மாட்டார்களா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: நிச்சயமாகச் சிரிப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் நாரதரும் வள்ளியும் பாட்டுக்குப் பாட்டாகத் தர்க்கம் புரிவதை விடிய விடியக் கேட்டு மகிழும் நம் ஜனங்கள், அரிசி அளந்து போடும் நாத்தனார் அதையே ராகம் இழுத்துச் செய்தால் நகைப்பதற்குக் காரணம், தேவருலகத்து வழக்கம் அவர்களுக்குத் தெரியாது, அடுப்பங்கரை வழக்கம் நன்றாகத் தெரியும் என்பதே. ஆகவே சண்டையைப் பேச்சுக்கே விட்டுவிடுங்கள்.

வீடு தானாகவே பாடுகிற வேளைகள் வேறு இருக்கின்றன. ஊஞ்சலில் மணமக்களை இருத்தி லாலி பாடும்போதும், நலங்கிடுகையில் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்யும்போதும், மார்கழி விடியலில் கோலமிட்டபடியே திருப்பாவையை முணுமுணுக்கும்போதும், இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போதும், சங்கீதமே அறியாத பெண்ணும் பாடுகிறாள். அவளைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. பகலெல்லாம் வாய் திறக்க உரிமையற்ற மருமகள், தூளியை ஆட்டிக்கொண்டே, பிள்ளைக்குச் சொல்லும் சாக்கில், தாய்வீட்டுச் சீர் வராத துக்கத்தையும் தான் கேட்ட ஏச்சுக்களையும் கூடத்தில் அமர்ந்திருக்கும் மாமியாரின் செவியில் விழும்படி பாடிவிடலாம். தாலாட்டை எதிர்த்து வழக்காட எந்த மாமியாராலும் ஆகாது. நாவலாசிரியர் பக்கம் பக்கமாக வர்ணித்த மனோவேதனைக்கு மேடையில் அந்தத் தூளி ஒன்றே போதும். யித்திஷ் மொழியில் ஷோலம் அலெய்க்கெம் எழுதிய, பெண்களைப் பெற்ற ஒரு பால்காரரின் கதைகள் 1964-இல் நியூயார்க்கில் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்ற இசை நாடகமானபோதும், ஓய்வு நாள் பிரார்த்தனையிலும் கல்யாணச் சடங்கிலும் அந்தக் குடும்பம் பாடியது.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரராகிய தாங்கள் நியூயார்க் வரை போவானேன்? தாலாட்டு, அம்புலியை அழைத்தல், நீராட்டல், காது குத்தல், பூச்சூட்டல் என்று ஒரு தாயின் அன்றாட அலுவல்களையெல்லாம் பாசுரமாக்கிய பெரியாழ்வார் தங்கள் ஊர்க்காரர். அரையர் சேவையில் முத்துக்குறியைக் கண்டிருப்பீர்கள். கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாக நிற்கும் ஒருவரே, மகளின் மயக்கம் கண்டு கலங்கும் தாயாகவும், அந்த மகளாகவும், முத்துக்களைக் கொண்டு குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி அபிநயிக்கிறார். வேஷம் மாறுவதில்லை, திரை விழுவதில்லை. தாய் யார், மகள் யார் என்ற ஐயம் மட்டும் நமக்கு ஒரு கணமும் எழுவதில்லை. ஒத்திகைக்கு முன்பு தங்கள் நடிகர்கள் அனைவரையும் ஒரு முறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி: ஹார்மோனியம் போதுமா? பெரிய வாத்தியக் கோஷ்டி வேண்டுமா? (வத்திராயிருப்பு)

பதில்: பின்பாட்டுக்கு ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், ஜால்ரா, இவை தாராளம். முக்கியமான விஷயம் சுருதி. ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எட்ட வேண்டியிருந்ததால், செங்கோட்டைக் கிட்டப்பா முதலிய மேதைகள் உச்ச ஸ்தாயியில் சஞ்சரித்தார்கள். இப்போது ஒலிபெருக்கி இருக்கிறது. தாலாட்டைக் குழந்தை தூங்கும்படியாகவே பாடலாம். அப்படிப் பாடுங்கள்.

கேள்வி: ஆசிரியர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. யாரிடம் அனுமதி கேட்பது? (திருவண்ணாமலை)

பதில்: நம் தேசத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. வடுவூரார் மறைந்தது 1942-இல். ஆகவே அவர் நாவலானால் தடையில்லை. ஆயினும், நோட்டீஸில் தலைமை விருந்தினர், பொருளாளர், பந்தல் உபயதாரர் ஆகியோருக்கெல்லாம் மேலே, முதல் வரியில், பெரிய எழுத்தில், நாவலாசிரியரின் பெயரை அச்சிடுங்கள்.